சாவு வீட்டில் வரி நோட்டைத் திறக்காதீர்கள்

பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்!

நம் பகுதியில் உள்ள பங்குகள் பலவற்றில் நடப்பதைத்தான் எழுதுகிறேன். ஒருவர் இறந்ததும் உறவுக்காரர் இருவர் துக்கமணி அடிக்கச் சொல்லக் கோவிலுக்குப் போகிறார்கள். அங்கே முதலில் வெளியே வருவது, ஒவ்வொரு குடும்பமும் வருஷந்தோறும் கோவிலுக்குக் கட்டும் வரியை எழுதிவைக்கும் நோட்டு. "மூணு வருஷம் பாக்கி இருக்கே, அதைக் கட்டிட்டு வாங்க, குழி வெட்டச் சொல்லிடலாம்." வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. மூத்த மகனைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொல்கிறார்கள். அவன் மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தனுப்புகிறான். ரசீது வந்த பிறகுதான் மணி அடிக்கிறது.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர், முள் வெட்டும் கூலி, குழி வெட்டுகிறவர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் வசூலிக்க வருஷத்தில் வேறு நாளே இல்லையா? திருச்சபைச் சட்டம் 1181-ஐ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடக்கக் கூடாது, ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று அதில் இருக்கிறது. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நினிவேயில் அரசனுக்குத் தெரியாமல் பிணங்களைப் புதைத்த தோபித்து, யாரிடமும் பாக்கி கேட்டதாக விவிலியத்தில் இல்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது, அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. பாக்கி உள்ள வீட்டார் நோயாளி படுக்கையில் கிடக்கும்போதே சாமியாரைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். வந்தால் கூடவே, அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரும் வருவார், பேச்சு வரியில் போய் நிற்கும் என்று பயம். சாமியார் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல, நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் நினைவு தப்பி, நற்கருணையை விழுங்க முடியாத நிலையில்தான் ஆள் அனுப்புகிறார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய வாய் திறக்காது. அறியாமை பாதிக் காரணம் என்றால், இந்த நோட்டு மீதி.

அடக்கத்துக்குப் பிறகாவது போகிறோமா? மூன்றாம் நாள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தார் வந்து செபமாலை சொல்கிறார்கள், முப்பதாம் நாள் பூசை வைக்கிறார்கள், சரி. அப்புறம் அந்த விதவையின் வாசலை மிதிப்பது அடுத்த வருஷ வரிக்கு வருகிறவர்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். இறந்த வீட்டின் பாக்கியை முப்பதாம் நாள் பூசை முடியும்வரை யாரும் பேசக் கூடாது. கட்ட முடியாதவர்களின் பாக்கியைப் பங்குத்தந்தையே, பெயரை வெளியே சொல்லாமல், தள்ளுபடி செய்யலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி, ஞாயிறு பூசை அறிவிப்பில் வாசியுங்கள். மணி அடிப்பவருக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள். ரசீது கேட்டுப் பழகியவர் அவர்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவர்