மழைக்கால உப்பு: நண்பருக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்
தை 9

அன்புள்ள சம்பந்தம்,

பொங்கலுக்கு முந்தைய நாள் உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் இரண்டு முறை உரக்கப் படித்தோம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் 130-க்குள் நிற்கும் உன் இரத்த அழுத்தம் மூன்றாவது ஆண்டாகக் கார்த்திகை, மார்கழியில் 145-ஐத் தாண்டுகிறது என்றும், எல்லாம் பனியின் வேலை என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அந்த வரி என்னை விடவில்லை.

பனிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். குளிரில் தோலுக்கடியில் உள்ள குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் ஏறும். கோடையைவிடக் குளிர்காலத்தில் அது கூடுதலாக இருப்பதை 1982-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றும் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அது பிரிட்டன் குளிர். உன் நாகப்பட்டினத்தில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே பழி முழுவதையும் பனியின் தலையில் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் வீட்டு அடுக்களையையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் நம் பக்கத்தில் கீரை அழுகிவிடும், காய் விலை ஏறிவிடும். அப்போது இலைக்கு வருவது வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம், மோர் மிளகாய், உப்பு நார்த்தங்காய். உன் வீட்டில் கூடவே கருவாடு. இவை எல்லாம் வெயில் காலத்தில் உப்பிட்டு உலர்த்தி மழைக்கென்று எடுத்து வைத்தவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. உப்பில் அழுத்தத்தை ஏற்றுகிற அதே சோடியம் அதிலும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் கணக்கில் எடுப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. குழம்பு, மோர், ஊறுகாய் என்று மதியச் சாப்பாட்டிலேயே அந்தக் கரண்டியில் பெரும்பகுதி காலியாகிவிடும்.

உப்பு கூடுவது பாதிக் கதைதான். பொட்டாசியம் குறைவது மறு பாதி. அதை யாரும் பேசுவதில்லை. கோடையில் இளநீர், வெள்ளரி, தர்ப்பூசணி, கீரை என்று நாம் அறியாமலே பொட்டாசியம் உள்ளே போகிறது; சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு அது துணை செய்கிறது, இரத்தக் குழாய்ச் சுவர்களையும் தளர்த்துகிறது. வியர்வையிலும் கொஞ்சம் உப்பு கழிகிறது. மழைக்காலத்தில் வியர்வையும் இல்லை. சளி பிடிக்கும் என்று இளநீரை ஒதுக்கிவிடுகிறோம், கிடைக்கிற காயையும் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது.

இதையே ஜப்பானின் வடகிழக்கில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். அகிதா பகுதியில் நீண்ட பனிக்காலத்தை உப்பிலிட்ட காய்களையும், சோயாவை உப்போடு புளிக்கவைத்த மிசோவையும் கொண்டு கடத்தினார்கள். 1950-களில் அங்கே ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்கு உப்பு உண்டார், பக்கவாதச் சாவும் மிகுந்திருந்தது. அதை அடுத்த அவோமோரியிலும் உப்புக்குக் குறைவில்லை. ஆயினும் ஆப்பிள் விளைந்து நிறையத் தின்னும் ஊர்களில் அழுத்தம் குறைந்திருப்பதை ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் நவோசுகே சசாகி கவனித்தார். ஆப்பிளில் உள்ள பொட்டாசியத்தை அதற்குக் காரணமாகக் கருதினார். நமக்கு ஆப்பிள் எதற்கு? வாழைத்தண்டும் வாழைப்பழமும் எந்த மழையிலும் கிடைக்கின்றன.

உன் கணக்கில் ஒரு முடிச்சு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போதும் உன் வீட்டில் கருவாடுதான் மணக்கும். அப்படியிருந்தும் வைகாசியில் அழுத்தம் ஏறவில்லை என்றால், வெயிலும் வியர்வையும் இளநீரும் சேர்ந்து அந்த உப்பை ஈடுகட்டுகின்றன என்று ஊகிக்கிறேன். நான் மருத்துவன் அல்லன்; ஊகத்தை ஊகமாகவே எடுத்துக்கொள்.

கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பை நீயாக வாங்கிவிடாதே. சீனாவில் 600 கிராமங்களில் அதைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் குறைந்தது என்று 2021-இல் வெளியிட்டார்கள், உண்மைதான். ஆனால் அழுத்தத்துக்காக நீ விழுங்கும் லோசார்டான் மாத்திரையே உடலில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். உன் மருத்துவரிடம் கேட்டு, இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்ட பிறகு பார்க்கலாம். கோடையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் மாத்திரையை நீயாகக் குறைக்காமல் அவரிடமே சொல்.

அழுத்தம் குறித்து வைக்கும் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அன்று என்ன குழம்பு, எத்தனை அப்பளம் என்றும் எழுதி வா. வைகாசியில் இங்கே வரும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் ராமு