பிரசங்க மேடைக்கு வெளியே

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று வீட்டில் கேட்கச் சொன்னாள். இங்கே எல்லாரும் சுகம். பேரனுக்கு இந்த வருஷம் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு, அதனால் டிவி சத்தமே கிடையாது.

எங்கள் மெதடிஸ்ட் சபையில் ஒரு தம்பி, தனக்கு ஊழிய அழைப்பு இருக்கிறது என்று முன்வந்திருக்கிறான். விசாரித்துச் சிபாரிசு செய்யும் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். இப்போது எனக்கு இதே நினைப்புதான். உங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து குருவாகப் படிக்கக் குருமடத்துக்குப் பிள்ளைகள் போவதைப் பார்த்தவன் நீ. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

குழுவில் பாதிப் பேர் அவன் குரலைப் பற்றியே பேசுகிறார்கள். நன்றாகப் பிரசங்கிக்கிறான், கிதார் வாசிக்கிறான், இளைஞர்கள் வருகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 1746லேயே எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பிரசங்கிக்க வருகிறவனிடம் கிருபை, வரம், கனி மூன்றையும் பார்க்கச் சொல்லிவிட்டார். தேவனுடைய மன்னிப்பை அவன் அறிந்திருக்கிறானா, வேலைக்கேற்ற திறமை இருக்கிறதா, அவனால் யாராவது மனந்திரும்பியிருக்கிறார்களா? நாம் நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். சபையை நடத்துகிறவனுக்கு வேண்டிய தகுதிகளைப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதில், திறமை என்று போதிக்கும் திறமை ஒன்றுதான் வருகிறது. மற்றதெல்லாம் குடிக்கிறானா, சண்டைக்காரனா, பண ஆசை உண்டா, வீட்டை எப்படி நடத்துகிறான் என்று ஆளைப் பற்றியது. சபைக்கு வெளியே இருக்கிறவர்களிடமும் நல்ல பெயர் வேண்டும் என்கிறார்.

அந்த வெளியாள் சாட்சியை நம் ஆட்கள் கேட்பதே இல்லை. நான் போய்க் கேட்டேன். தம்பி ஏர்கோன் (குளிர்சாதனம்) பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான். முதலாளி சீனர், சபைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. "ஏர்கோனில் கேஸ் (வாயு) தீரவில்லை என்றால் தீரவில்லை என்று சொல்லிவிடுவான். உள்ளே அழுக்குதான், கழுவினால் போதும் என்று கழுவிக் கொடுத்துவிட்டு வருவான். கஸ்டமர்கள் அவனையே அனுப்பச் சொல்கிறார்கள்" என்றார். அவன் பேசிய எந்தப் பிரசங்கத்தையும்விட இது எனக்குப் பெரிய சாட்சி.

இன்னொன்று, கடன். ஊழியத்துக்கு இடைஞ்சலாகும் அளவுக்குக் கடன் இருக்கிறதா என்பது எங்கள் மெதடிஸ்ட் வழக்கில் பழைய கேள்வி. கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நான் விடமாட்டேன். கார் லோன், கிரெடிட் கார்டு, பி.டி.பி.டி.என். படிப்புக் கடன் என்று கழுத்துவரை இருக்கிற போதகர், சபையில் வசதியானவர் தவறு செய்தால் எப்படிக் கண்டிப்பார்? தம்பியின் மனைவியையும் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் போதகர்களுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பெண் வேலையை விடவேண்டியிருக்கும், பிள்ளைக்குப் பள்ளி மாறும். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மொழியும் இருக்கிறது. வாழ்ந்த ரப்பர் தோட்டம் போய், பிளாட்டில் முடங்கிக் கிடக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் தமிழில் கேட்கவேண்டும். அவர் பேரப்பிள்ளைகளோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசவேண்டும். இதற்கு முக்கியமாக வேண்டியது பொறுமை.

உங்கள் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1992ல் வெளியிட்ட ஏட்டில், குருவாகப் போகிறவனுக்கு மனிதப் பண்பில் பயிற்சிதான் மற்ற எல்லாப் பயிற்சிக்கும் அடித்தளம் என்கிறார். ஆன்மிகம், படிப்பு, மேய்ப்புப்பணி எல்லாம் அதன்மேல்தான். நான் குழுவில் சொல்ல நினைப்பதும் அதுவே. அவசரப்பட்டு ஒருவன்மேலும் கைகளை வைக்காதே, அதாவது ஊழியத்துக்கு ஏற்படுத்தாதே என்று பவுலும் எழுதியிருக்கிறாரே. சிரம்பான் இறையியல் கல்லூரிக்கு அனுப்புமுன் ஒரு வருஷம் வீடுவீடாகப் போய்வரட்டும், ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்பேன். ஆர்வம் அணைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரு வருஷத்தில் அணைகிற ஆர்வம் போதகர் வேலைக்குத் தாங்காது.

உங்கள் குருமடம் 1665ல் சயாமில் (இன்றைய தாய்லாந்து) அயுத்தயாவில் தொடங்கி, 1808ல் பினாங்குக்கு வந்தது. ஆள் பார்த்துப் பழகியவர்கள். சேர்ப்பதற்கு முன் எத்தனை காலம் கவனிக்கிறார்கள், குடும்பத்தாரிடம் யார் பேசுகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் அந்தப் பிள்ளை மனம் உடையாமல் எப்படிச் சொல்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் அவசரமாக வேண்டும், வேறொரு பிள்ளையும் வரிசையில் நிற்கிறான்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். அதற்குமுன் எழுது.

அன்புடன்,
உன் பழைய பள்ளித் தோழன்