புலித்தோலும் மிளகுத்தண்ணியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன டிசம்பர் 31 இரவு, அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பேர் கூடி 'டின்னர் ஃபார் ஒன்' என்ற பழைய ஜெர்மன் குறும்படத்தைப் பார்த்தோம். கூட உட்கார்ந்து பார்த்த நண்பரே தங்கள் நாளிதழுக்கு எழுதிவிட்டார்: குடிகாரன் தள்ளாடுவதைக் காட்டிச் சிரிக்க வைப்பது ஒரு நகைச்சுவையா என்று. அன்றைக்கு டீ குடிக்கும்போது தொடங்கிய சண்டை இது. பாதியில் நின்றதால் மீதியை இங்கே போடுகிறேன்.

ஹாம்பர்க்கில் 1963இல் தொலைக்காட்சிக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 18 நிமிஷம். நடித்த ஃப்ரெடி ஃப்ரிண்டன், மே வார்டன் இருவரும் இங்கிலாந்துக்காரர்கள், பேசுவதும் இங்கிலீஷ்தான். அதை ஜெர்மனியில் வருஷக் கடைசி ராத்திரி தவறாமல் போடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது எங்களுக்கும் போட்டுக் காட்டினார்.

மிஸ் சோஃபிக்கு 90ஆவது பிறந்தநாள் விருந்து. வரவேண்டிய நாலு நண்பர்களும் எப்போதோ செத்துப்போனவர்கள். நாலு காலி நாற்காலிக்கும் மதுவை ஊற்றி, அவர்களுக்குப் பதிலாகப் பட்லர் ஜேம்ஸே குடிக்கிறார். சாப்பாடு நாலு சுற்று, சுற்றுக்கு ஒரு மது. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு அம்மா சிரிக்கவே இல்லை. "பாவம், அந்தக் கிழவிக்கு யாருமே இல்லையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே ஜோக்கையே அரைக்கிறார்கள் என்று என் பேத்தி போனை எடுத்துவிட்டாள். தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் ஜேம்ஸ் 11 தடவை இடறுகிறார், உண்மைதான். ஆனால் ஒரு தடவை இடறாமல் போய்விட்டு, என்ன இது என்று அவரே திகைத்துத் திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள், அதற்கு என் மனைவி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வரவில்லை. என் அப்பா ஏற்காட்டில் ஒரு துரைசாணி பங்களாவில் பட்லராக இருந்தவர். ஒரு கை முதுகுக்குப் பின்னால், மறுகையில் தட்டு, அதே நடை. துரை இறந்த பிறகும் அந்த அம்மாள் ஊருக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி மழையில் மலைப்பாதை அடைபட்டு விருந்தாளிகள் வராமல் போனாலும், போட்ட தட்டை எடுக்கக் கூடாது. அந்த அம்மாள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா நின்றுகொண்டே இருப்பார்.

இன்னொன்று. படத்தில் முதலில் பரிமாறுவது 'மல்லிகாட்டானி' சூப். மருமகன் அதைக் 'கோழி சூப்' என்று சொல்லித் தாண்டிவிட்டார். அது நம்முடைய மிளகுத்தண்ணி ஐயா! வெள்ளைக்காரன் வாயில் போய் அப்படி ஆனது. அப்பா வைக்கும்போது பருப்புத் தண்ணீரும் எலும்புச் சாறும் சேர்த்து, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து வந்த மிளகை இடித்துப் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிவார். எங்களுக்கு அடிச்சட்டியில் மிஞ்சினது கிடைக்கும்.

நண்பருக்கு ஒரே கேள்வி. ஜேம்ஸ் ஆசைப்பட்டா குடிக்கிறார்? ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் "போன வருஷம் மாதிரியேவா அம்மா?" என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசை. "எல்லா வருஷமும் மாதிரியே" என்று பதில் வருகிறது. செத்துப்போன நாலு பேரில் ஒருவரான அட்மிரலுக்காகக் குதிகாலை அடித்து வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில், இந்த வருஷமும் சொல்லத்தான் வேண்டுமா என்று கெஞ்சக்கூடச் செய்கிறார். அது குடிகாரன் பேச்சா, வேலைக்காரன் பேச்சா?

கடைசியில் மிஸ் சோஃபியும் ஜேம்ஸும் படுக்கப் போக மாடிப்படி ஏறும் இடம் குழந்தைகளோடு பார்க்கச் சங்கடம் என்று நண்பர் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வருகிற டிசம்பர் 31க்கும் அதே மொட்டைமாடி, அதே படம். நண்பர் கோபித்துக்கொண்டு வராவிட்டாலும் அவர் நாற்காலி போட்டிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.