படத்தின் கீழே இன்னும் ஒரு வரி எழுதலாகாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்கு மும்பையில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில், நூறாண்டுகளுக்கு முந்தைய, ஓவியம்போலத் தோன்றும்படி செய்த 'பிக்டோரியல்' பாணிப் புகைப்பட அச்சுகளின் கண்காட்சி நடைபெற்று வருகிறது. குறை ஒன்றைச் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். தாதரில் ஒரு ஸ்டுடியோவின் டார்க் ரூமில் 31 ஆண்டுகள் பிரிண்ட் போட்டுப் பிழைத்தவன் நான். சென்ற ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் பேரனை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன்.

முதல் படத்தின் முன் நின்றதுமே பேரன், "தாத்தா, ஃபோகஸே இல்லையே, இதையா ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க?" என்றான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. அருகிலிருந்த அட்டையில் எடுத்தவர் பெயரும் ஆண்டும் 'புகைப்படம்' என்ற ஒற்றைச் சொல்லும்தான் இருந்தன. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும், பழைய படமல்லவா, மங்கிப்போய்விட்டது என்று பேசிக்கொண்டே அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள்.

அது மங்கிப்போன படமே இல்லை. ஒரு பெண் சன்னலோரம் அமர்ந்திருக்கிறாள். சன்னலின் வெளிச்சம் மரச்சட்டத்தைத் தாண்டி, பக்கத்து இருட்டுச் சுவரின்மேல் லேசாகக் கசிந்திருக்கிறது. எங்கள் ஸ்டுடியோவில் வரன் பார்க்க அனுப்பும் படங்களில் பருவும் தழும்பும் தெரியாமலிருக்க, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரின் லென்சுக்குக் கீழே கறுப்பு நைலான் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேப்பருக்கு வெளிச்சம் கொடுப்போம். அப்படிச் செய்தால் இருட்டுதான் வெளிச்சத்துக்குள் பரவும். மாறாக, வெளிச்சம் இருட்டுக்குள் பரவியிருந்தால், அது படம் பிடிக்கும்போதே லென்சில் செய்த வேலை. அந்தச் சன்னலைப் பார்த்ததும், எடுத்தவர் எந்த இடத்தில் கை வைத்தார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பேரனுக்குச் சொன்னபோது அவன் திரும்பவும் முதல் அறைக்குப் போய் ஒவ்வொரு படமாகப் பார்க்கத் தொடங்கினான்.

இன்னொரு அச்சின் வலது மூலையில், கண்ணாடியை ஒட்டிக் குனிந்து பார்த்தால், தூரிகை மயிர் இழுத்த கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அது கம் பைக்ரோமேட் முறையில் செய்தது. வேலம்பிசின் வகையைச் சேர்ந்த கம் அராபிக்கில் நீர்வண்ணப் பொடியையும் டைக்ரோமேட் உப்பையும் கலந்து தாளில் பூசி, காயவைத்து, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பிசின் இறுகும்; படாத இடத்தில் நீரில் கரைந்து போகும். கரையும்போதே தூரிகையால் தடவி, வேண்டாததைக் கலைத்து, வேண்டியதை நிறுத்திக்கொள்ளலாம். பாரிசின் ரோபேர் டமாஷி இதில் பேர்போனவர். 1907-இல் வந்த புரோமாயில் முறை இதைவிட வேலை வாங்குவது: சாதாரண புரோமைடு (கறுப்பு-வெள்ளை) அச்சின் வெள்ளிப் படிமத்தை வெளுக்கவைத்து, தாளின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டினை நீரில் ஊறவைத்து, மான் குளம்பைப் போலச் சரிவாக வெட்டிய தூரிகையால் எண்ணெய் மையைக் குத்திக் குத்தி ஏற்ற வேண்டும். ஊறிய இடம் மையைத் தள்ளும்; ஊறாத இடம் பிடித்துக்கொள்ளும். ஒரே நெகட்டிவிலிருந்து பத்து அச்சுப் போட்டாலும் பத்தும் பத்து விதமாக வரும். இத்தனையையும் 'புகைப்படம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, காஞ்சிபுரம் பட்டையும் மில் துணியையும் 'சேலை' என்று ஒரே சீட்டு ஒட்டி வைப்பது போன்றதாகும்.

1888-இல் கோடக் கேமரா வந்து, யார் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்தலாம் என்றானபின், இது இயந்திரத்தின் வேலை, கலை ஆகாது என்ற பேச்சும் வலுத்தது. அதை மறுத்துத்தான் 1892-இல் லண்டனில் 'லிங்க்டு ரிங்' சங்கமும், 1902-இல் நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 'போட்டோ செசஷன்' குழுவும் தோன்றின. இவை சுவரில் எழுதப்பட்டிருந்தன, நன்று. ஆனால் 1890களிலேயே லண்டனில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்து, அந்த லிங்க்டு ரிங்கிலும் இடம்பெற்ற ஷாபூர் பேத்வார் இதே பம்பாயைச் சேர்ந்த பார்சி என்பது எங்கும் சொல்லப்படவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் நடுவில் நின்ற கதையை, அயல்நாட்டுக் கதையாகவே சொல்லி அனுப்புகிறார்கள்.

அறை இருட்டாக இருக்கிறதென்று பலர் முணுமுணுத்தார்கள். அதில் நான் அருங்காட்சியகத்தின் பக்கம். தாளில் உள்ள பழைய அச்சுகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டுவதில்லை என்பது பொதுவான வழக்கம். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். ஆனால் கண்ணாடியில் எதிர் விளக்கு பளிச்சென்று விழுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. விளக்கைச் சற்றுத் திருப்பி வைத்தாலே போதும்.

நான் கேட்பது பெரிய செலவல்ல. ஒவ்வொரு அட்டையிலும், அச்சு எந்த முறையில் செய்யப்பட்டது, கை எங்கே பட்டது என்று ஆங்கிலத்தோடு மராத்தியிலும் இந்தியிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். தமிழிலும் வேண்டுமென்ற ஆசை இருந்தாலும் அதை இப்போதைக்கு அடக்கிக்கொள்கிறேன். வாசலருகே ஒரு மேசையில், தொட்டுப் பார்க்கும்படி, இந்நாளில் செய்த கம் அச்சு ஒன்றையும் மை ஏற்றாத புரோமாயில் தாள் ஒன்றையும் வைக்கலாம். அவற்றைச் செய்துதர நான் அணியமாக இருக்கிறேன். என்னுடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இருவரும் ஞாயிறு காலைகளில் வந்து நின்று விளக்கம் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம். இதையே ஒரு தாளில் எழுதி வரவேற்பு மேசையில் கொடுத்து வந்தேன். இதுவரை பதில் இல்லை. கண்காட்சி முடிய இன்னும் மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டார்க் ரூம் பணியாளர்,
மாட்டுங்கா, மும்பை.