ஒரே படலத்தில் இரண்டு குணம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். வீடு கட்டும்போது சிமெண்ட் விலையைப் பற்றி நீ புலம்புவது மாதிரி, இங்கே நாங்கள் பொருள்களைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்தின் விலையைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

என்னதான் ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். இன்னமும் மாங்கனைட்தான். லாந்தனம், கால்சியம், மாங்கனீசு, ஆக்சிஜன் சேர்ந்த கறுப்பு ஆக்சைடு. அறை வெப்பத்தில் மின்சாரத்தை மோசமாகத்தான் கடத்தும், காந்தமும் இல்லை. சுமார் 250 கெல்வினுக்கு (அதாவது மைனஸ் 23 டிகிரி செல்சியஸுக்கு) கீழே குளிர்வித்தால் காந்தமாகி, உலோகம் போலக் கடத்தத் தொடங்கிவிடும். ஒரு மாங்கனீசு அணுவிலிருந்து ஆக்சிஜன் வழியாக அடுத்ததற்கு எலக்ட்ரான் சுலபமாகத் தாவ வேண்டுமென்றால், இரண்டின் காந்தத் திசையும் ஒத்துப்போக வேண்டும் என்று ஸீனர் என்ற இயற்பியலாளர் 1951லேயே சொல்லிவிட்டார். 1994இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதன் மெல்லிய படலத்தை 77 கெல்வினில் 6 டெஸ்லா என்ற மிக வலுவான காந்தப்புலத்தில் வைத்தபோது, மின்தடை ஆயிரம் மடங்கு அளவில் மாறியது.

ஸீனர் சொன்னது மட்டும் இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் போதவில்லை. எனக்குப் பிடித்த விடை நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகக் குழு 1999இல் எடுத்த படங்களில் இருக்கிறது. எஸ்டிஎம் என்ற நுண்ணோக்கிக் கருவியில் கூர்மையான ஊசிமுனை பரப்பைத் தொடாமல் ஒரு நானோமீட்டர் உயரத்தில் நகரும். இடையில் கசியும் மின்னோட்டம் நானோஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். அப்படிப் புள்ளி புள்ளியாக அளந்து பார்த்தால், உலோகம் போல மாறும் அந்த வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே, ஒரே படலத்தில் கடத்தும் திட்டுகளும் கடத்தாத திட்டுகளும் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன! சில பத்து நானோமீட்டர் அகலத்திலும் உண்டு, அதைவிடப் பெரிதாகவும் உண்டு. காந்தப்புலத்தைக் கூட்டினால் கடத்தும் திட்டுகள் பரவுகின்றன, அடைமழையில் வயல் குட்டைகள் ஒன்றோடொன்று சேர்வது போல. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழி கிடைத்ததும் மின்தடை சடாரென்று விழுகிறது. கம்பி இணைத்து மீட்டரில் பார்க்கிற ஒற்றை எண்ணில் இதில் எதுவும் தெரியாது. அதனால்தான் ஒரு மாணவன் மின்தடை வரைபடத்தை மட்டும் கொண்டுவந்தால் எனக்குத் திருப்தி வருவதில்லை.

இதை ஹார்ட் டிஸ்க்கில் பயன்படுத்தலாம் என்று அப்போது பெரிய பேச்சு. குளிரும் வேண்டும், பல டெஸ்லா புலமும் வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? காந்தப்புலத்தில் மின்தடை மாறும் மெல்லிய உலோக அடுக்குகள் முந்திக்கொண்டன. 2007இல் நோபலும் அவற்றுக்கே போனது. எனக்கு வருத்தமில்லை.

அப்புறம், உன் தம்பி மகனை ஆய்வகம் பார்க்க அனுப்பு. ஜூனில் மட்டும் வேண்டாம், அப்போது கருவி பராமரிப்பில் இருக்கும்.

அன்புடன்,
ரகு