சிறைக்குள் போகாதவர்கள் எடுத்த சிறைப் படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1970களில் ஐரோப்பாவில் வந்த பெண்கள் சிறைப் படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழின் திரைப்பக்கத்தில் ஓர் இளைஞர் எழுதியிருந்தார். துணிச்சலான படங்கள், அதிகாரத்தை எதிர்த்த படங்கள் என்று ஒரே புகழ்ச்சி. அதைப் படித்துவிட்டு என் தங்கை மகன் போன் செய்தான். "பெரியம்மா, நீங்க பார்த்த வேலையைப் படமாவே எடுத்து வச்சிருக்காங்க, வந்து பாருங்க" என்றான். தெம்பனிஸில் அவன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு படங்களைப் பார்த்தேன். வட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கவில்லை. கேட்டே பழகிய வாய், கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் அடக்கினேன்.

நான் இங்கே சிங்கப்பூரில் பெண்கள் சிறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். உள்ளே நடந்ததை வெளியில் பேசக் கூடாது, பேசவும் மாட்டேன். ஊருக்கே தெரிந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது ஜெஸ் ஃபிராங்கோ என்ற ஸ்பானிய இயக்குநரின் '99 உமன்'. 1969இல் வந்தது. ஒரு தீவுச் சிறை, அதற்கு ஈவிரக்கமில்லாத மேலதிகாரி ஒரு பெண். ஆஸ்கார் வாங்கிய மெர்சிடிஸ் மெக்கேம்ப்ரிட்ஜ் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். கைதிகள் செத்துப் போவது பற்றி மேலிடத்துக்குச் செய்தி போக, நல்ல அதிகாரி ஒருவர் விசாரிக்க வருகிறார். புருனோ நிக்கோலாயின் இசை நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

படம் ஓடும்போது நான் தேடியது ஆள் எண்ணுகிறவரை. சிறை வேலையில் பாதி எண்ணுவதுதான். காலையில் எழுந்ததும் மஸ்டர் என்ற ஆளெண்ணிக்கை, பட்டறைக்குப் போகும்போது, திரும்பும்போது, ஷிஃப்ட் மாறும்போது என்று எண்ணிக்கொண்டே இருப்போம். ஒரு தலை குறைந்தால் எல்லாக் கதவும் அப்படியே நிற்கும். எண்ணி முடித்துக் கையெழுத்துப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இந்தப் படத்திலோ வந்தவளுக்கு 99 என்று நம்பர் கொடுத்ததோடு சரி. அப்புறம் அந்த 99 பேரும் இருக்கிறார்களா என்ற கவலை யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆண்கள் நினைத்த நேரத்தில் வந்து போகிறார்கள். எதற்கெடுத்தாலும் சாட்டை. நம் சட்டத்தில் பெண்ணுக்குப் பிரம்படியே கிடையாது என்று சொன்னேன். தங்கை மகனுக்கு அது தெரியாதாம். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

"படம்தானே பெரியம்மா, கணக்குப் பார்க்காதீங்க" என்றான். சரி, கணக்கை விடுவோம். என்னை உறுத்தியது அந்த நல்ல அதிகாரி பாத்திரம். விசாரிக்க ஒருவர் வருகிறார், கொடுமையைக் கண்டு முகம் சுளிக்கிறார். அவர் சுளிக்கும் சாக்கில் நாம் எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்க்கலாம். பார்த்துவிட்டு, கொடுமையைக் கண்டிக்கும் படம் பார்த்தோம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதாகப் பார்த்த, இத்தாலியில் புருனோ மத்தேய் 1982இல் எடுத்த படத்திலும் இதே ஏற்பாடுதான். அதில் கைதி போல் உள்ளே நுழைந்து உளவு பார்க்கும் பெண்ணாக வருபவர் லாரா ஜெம்சர், நம் பக்கத்து இந்தோனேசியாவின் சுராபாயாவில் பிறந்தவர். அந்தப் படத்தின் ஆட்களை வைத்தே அடுத்த சிறைப் படத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பணம் போடுபவர் ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ இருப்பார். எர்வின் டீட்ரிஷ் என்ற சுவிஸ் தயாரிப்பாளர் ஃபிராங்கோவை வைத்து 1970களில் இப்படி வரிசையாக எடுத்தார். ஆனால் கதையில் வரும் சிறை சுவிட்சர்லாந்தில் இருக்காது. வெயிலும் காடும் உள்ள ஏதோ ஒரு நாட்டில்தான் இருக்கும். அமெரிக்கர்களும் 1971இல் இதே சரக்கை எடுக்கப் பிலிப்பீன்ஸுக்கு வந்தார்கள். கொடுமைக்கார ஊர் என்றால் அது நம் பக்கத்து ஊர்தான் போலிருக்கிறது.

டீட்ரிஷ் தயாரித்து ஃபிராங்கோ இயக்கிய ஒரு படத்துக்கு பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 2004இல் சான்றிதழ் தர மறுத்தது. நடித்தவர்களில் ஒரு பெண்ணுக்குப் படப்பிடிப்பின்போது வயது 16. துணிச்சல் என்று எழுதுகிறவர் இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஜெஸ் ஃபிராங்கோ 1930இல் மாட்ரிட்டில் பிறந்தவர். (ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவுக்கு உறவில்லை, பெயர்தான் ஒன்று.) அதே மாட்ரிட்டில்தான் வென்டாஸ் பெண்கள் சிறை இருந்தது. 1931இல் ஸ்பெயினின் சிறைத்துறைத் தலைவராக வந்த விக்டோரியா கென்ட் என்ற பெண் வழக்கறிஞர், கைதிகளுக்குப் போட்ட விலங்குகளையும் சங்கிலிகளையும் சேகரித்து உருக்கி, சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட கொன்செப்சியோன் அரெனாலுக்குச் சிலை செய்ய வைத்தவர். வென்டாஸ் அவர் திட்டமிட்டுக் கட்ட வைத்த புதுமாதிரிச் சிறை. உள்நாட்டுப் போர் முடிந்த 1939இல், சில நூறு பேருக்குக் கட்டிய அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை அடைத்தார்கள். அங்கிருந்த 13 இளம்பெண்களை அந்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். சொந்த ஊரிலேயே இப்படி ஒரு கதை. சர்வாதிகாரி உயிரோடு இருந்தவரை அதைப் படமாக்க முடியாது, புரிகிறது. அவர் 1975இல் இறந்த பிறகும் ஜெஸ் ஃபிராங்கோ போய் நின்றது பெயரில்லாத சிறைகளில்தான். அதிகாரத்தை எதிர்த்த கலைஞர் என்றால் எந்த அதிகாரத்தை என்று கேட்கத் தோன்றுகிறது.

பெண்கள் சிறையைப் பற்றி நல்ல படமே இல்லையா என்றால், நிறைய உண்டு. ஹாலிவுட்டின் 'கேஜ்ட்' 1950இல் வந்தது. கதை எழுதிய வர்ஜீனியா கெலாக் அதற்காகச் சிறைகளுக்குள் போய் இருந்து பார்த்தவர். 1956இல் வந்த பிரிட்டிஷ் படம் 'யீல்ட் டு த நைட்'. அதன் மூலக்கதையை எழுதிய ஜோன் ஹென்ரி, தானே சிறைத் தண்டனை அனுபவித்தவர். எழுதியவர்கள் உள்ளே போய் வந்தவர்கள் என்பது பார்க்கும்போதே தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ரெனாடோ காஸ்டெல்லானி 1959இல் எடுத்த இத்தாலியப் படம், 'நெல்லா சிட்டா லின்ஃபெர்னோ'. வீட்டு வேலைக்காரப் பெண் லீனா, ஒருவன் செய்த திருட்டில் மாட்டிக்கொண்டு ரோம் நகரச் சிறைக்கு வருகிறாள். நடித்தவர் ஜூலியெட்டா மசீனா. அன்னா மன்யானி அங்கே பழம் தின்று கொட்டை போட்ட கைதி. பயந்து நடுங்கும் லீனாவுக்கு உலகம் இதுதான் என்று சொல்லிக் கொடுப்பது அவர்தான். லீனா விடுதலையாகி, மறுபடி உள்ளே வருகிறாள். இந்தத் தடவை நடுக்கம் இல்லை, பேச்சும் நடையும் வேறு. தான் சொல்லிக் கொடுத்த பாடம்தான் எதிரில் வந்து நிற்கிறது என்று மன்யானிக்குப் புரிகிறது.

அந்தக் காட்சியை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவள் அழுவாள், எங்கே நிற்பது என்று கேட்பாள். திரும்பி வருகிறவள் கேட்க மாட்டாள். கம்மலைக் கழற்றி மேசையில் வைப்பாள், சொல்வதற்கு முன்பே கையை நீட்டுவாள், சில பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாட்டையும் ரத்தமும் காட்டுகிற படங்களுக்கு இந்தச் சிரிப்பு கண்ணில் படவே படாது.

யாரும் இதையெல்லாம் நிஜம் என்று நம்ப மாட்டார்கள் என்றும் தங்கை மகன் சொன்னான். நம்புகிறார்கள். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு மறுவாழ்வு தேடித் தரும் மஞ்சள் நாடாத் திட்டம் 2004இல் தொடங்கியதிலிருந்து வெளியில் வருகிறவர்களை வேலைக்கு எடுக்கிற முதலாளிகள் கூடியிருக்கிறார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் உணவுக்கடையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், கூட வேலை பார்த்தவர் முதல் வாரமே குரலைத் தாழ்த்தி, "உள்ளே அதெல்லாம் நடக்குமாமே?" என்று கேட்டிருக்கிறார். போதைப்பொருள் வழக்கில் உள்ளே போய், தண்டனை முடிந்து, பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பாடுபடுகிறவள் அவள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? அந்த ஆள் நிச்சயம் எந்தச் சிறைக்கும் போனதில்லை.

தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 21 வயது ஆனவர் எதைப் பார்ப்பது என்பது அவர் பாடு. திரைப்பக்கத்தில் எழுதும் தம்பி அடுத்து காஸ்டெல்லானி படத்தைப் பார்த்துவிட்டு எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன். என் கடிதம் நீளம் என்றால், இசையைப் பாராட்டிய வரியை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பிடோக்