தறிக்கூட விளக்குக்கும் தள்ளுபடி வேண்டும்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் தலைவர் அவர்களுக்கும், கைத்தறி, கைத்திறன், துணிநூல் மற்றும் கதர்த் துறையின் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை வட்டாரத்தில், வீட்டை ஒட்டிய கூடத்தில் இரண்டு தறி, நான்கு தறி என்று வைத்து ஓட்டும் விசைத்தறிக்காரர்களில் ஒருவன் இதை எழுதுகிறேன். பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தும் தறிக்கூடங்களுக்கு, குறையும் வாட் அளவைக் கணக்கிட்டு, ஒருமுறைத் தள்ளுபடித் தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் வழங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மின்சாரம் மிச்சமாகிறது என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாமே, அதற்கு ஏன் அரசு பணம் தர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். 36 வாட் டியூப் லைட் என்பது பெயருக்குத்தான். பழைய இரும்புச் சோக்கு தின்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 வாட் ஆகிவிடும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு போதும். நான்கு டியூப் லைட் உள்ள கூடத்தில் நாளொன்றுக்கு 12 மணி நேரமும் மாதத்துக்கு 25 நாளும் வேலை நடப்பதாகக் கொண்டால், இரண்டு மாதத்தில் 72 யூனிட் மிச்சமாகும். ஆனால் 2023 முதல் விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எங்களைப் போன்ற சிறு கூடங்கள் பலவற்றின் பயன்பாடு அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே 72 யூனிட் குறைந்தாலும் தறிக்காரர் கையில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. மிஞ்சுவது, அந்த யூனிட்டுகளுக்கான மானியத்தைக் கழகத்துக்குச் செலுத்தும் அரசுக்குத்தான். செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கு என்றிருக்கும் இடத்தில் யாரும் விளக்கை மாற்ற மாட்டார்கள். மிச்சமாகும் மானியத்தில் ஓராண்டுப் பங்கையாவது விளக்கை மாற்றியவருக்குத் தருமாறு கேட்பதால், இதைச் சலுகை என்று நான் கருதவில்லை.

கட்டணப் பட்டியலில் கழித்துக்கொள்ளலாம் என்ற யோசனை எங்களுக்கு உதவாது. பூஜ்யம் வரும் பட்டியலில் எதைக் கழிப்பது?

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2015 ஜனவரி 5 அன்று மத்திய அரசு, வீடுகளுக்கு மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு வழங்கும் உஜாலா திட்டத்தையும் தெருவிளக்குகளுக்கான தேசியத் திட்டத்தையும் ஒன்றாகத் தொடங்கியது. மொத்தக் கொள்முதலால் எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பல மாநிலங்களில் பல்பின் விலையை மின் கட்டணத்தோடு தவணையாக வசூலித்தார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மின் நிறுவனங்களே கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் விளக்கு மாற்றத் தள்ளுபடி தருகின்றன. அதற்கான நிதி, எல்லா நுகர்வோரின் கட்டணத்திலும் சேரும் ஒரு சிறு தொகையிலிருந்து வருகிறது. இங்கே வீட்டுக்கும் தெருவுக்கும் வந்த அக்கறை, வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கும் தறிக்கூடத்தை எட்டிப் பார்க்கவில்லை.

எந்த விளக்குக்குத் தள்ளுபடி என்பதில் கண்டிப்பு வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். அந்த வெளிச்சத்தில் ஓடுகிற சக்கரம் நின்றுவிட்டதுபோலத் தோன்றக்கூடும். குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா இங்குமங்கும் பறக்கும் தறியருகே கை வைப்பவருக்கு அது ஆபத்து. தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்ணில் பட வேண்டும். அரக்குச் சிவப்புக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் உரிய நிறம் மாறாமல் தெரிய வேண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் (BEE) தரும் நட்சத்திர முத்திரை பெற்றதும், துடிப்பில்லாததும், நிறத்தைச் சரியாகக் காட்டுவதுமான விளக்குக்கு மட்டும் தள்ளுபடி என்று விதி இருந்தால் நாங்கள் வரவேற்போம்.

ஏமாற்று வேலை நடக்கும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. பழைய டியூப்பையும் சோக்கையும் மின் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் ஒப்படைத்த பின்னரே தொகை என்று வைத்துவிடலாம். டியூப்பை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது. செம்புக் கம்பிக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும் சோக்கு, பாதி விலைக்கு இன்னொரு கூடத்தில் ஏறிவிடும். டியூப்பில் பாதரசம் இருப்பதால் அதைக் குப்பையில் போடுவதும் கூடாது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின்படி டியூப் லைட்டுகளின் உற்பத்தியையே 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-இல் நாடுகள் முடிவு செய்துள்ளன. எப்படியும் வரப்போகும் மாற்றம் இது.

திட்டம் வந்தாலும் எங்கள் ஆட்கள் விண்ணப்பிக்கத் தயங்குவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயன்பாடு குறைவதைக் காட்டி நாளை இலவச யூனிட்டைக் குறைத்துவிடுவார்களோ என்பது ஒரு பயம். தறி மீட்டரிலிருந்து சமையலறைக்கு ஒரு விளக்கு இழுத்திருந்தால், ஆய்வுக்கு வருபவர் அதற்கு அபராதம் போடுவாரோ என்பது இன்னொன்று. வாடகைக் கூடத்தில் ஓட்டுபவருக்கு இணைப்பு அவர் பெயரில் இருக்காது. உரிமையாளரிடம் கையெழுத்துக் கேட்டுப் போகவும் மாட்டார். எனவே, 1000 யூனிட் வரம்பு இதனால் மாறாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். விளக்கைச் சரிபார்க்க வருபவர் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். வாடகைதாரரின் தொழில் பதிவுச் சான்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு பிரிவு அலுவலகத்தின் எல்லையில் மூன்று கட்டணச் சுற்றுகளுக்கு நடத்திப் பாருங்கள். முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் அளவுகள் உங்களிடமே இருக்கும். அந்த அலுவலகம் எங்கள் பகுதியுடையதாக இருந்தால், பழைய டியூப்களை உடையாமல் சேகரித்துக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பைத் தறிக்காரர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இளம்பிள்ளை வட்டார விசைத்தறிக்காரர் ஒருவர்,
சேலம் மாவட்டம்.